கோளரங்கமா, சுண்ணாம்பாறா?

கடலூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வருகிறோம், நாலாம் வகுப்புப் பெண், நாலு வயதுப் பையன், முட்டிவலியோடு மாமியார். கோளரங்கம் இருக்கிற லாஸ்பேட்டை அப்துல் கலாம் அறிவியல் மையத்துக்குப் போவதா, சுண்ணாம்பாறு படகு குழாமுக்குப் போவதா? இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கும்.

உங்களுக்கு அறிவியல் மையம்தான். பிள்ளைகளுக்கு அறிவு வளரும் என்பதற்காகச் சொல்லவில்லை, லீவு நாளில் அறிவு வளர்க்கக் கூட்டிப்போனால் அதை அவர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படகுதான் வேண்டும் என்றால் உங்கள் மாவட்டத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. அந்த அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போய் வந்தவர்களுக்கு சுண்ணாம்பாறு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். கோளரங்கம் அப்படியில்லை. புதுச்சேரியை விட்டால் நீங்கள் சென்னை கோட்டூர்புரத்துக்கோ திருச்சிக்கோ போக வேண்டும்.

இன்னொரு காரணம் வெயில். ஒருமுறை அக்னி நட்சத்திரத்தில் அக்கா பிள்ளைகளை மதியம் பன்னிரண்டு மணிக்குப் படகில் ஏற்றி மணல்திட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், யார் பேச்சையும் கேட்காமல். லைஃப் ஜாக்கெட்டுக்குள் வியர்வை ஊறி, இறங்கியதும் சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் வைத்தான், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி துள்ளினான். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டே திரும்பினேன். உங்கள் மாமியாரை யார் தூக்குவது? ஆடுகிற படகுக்குள் கால் எடுத்து வைப்பதே முட்டிவலிக்காரர்களுக்குப் பெரிய சோதனை. கோளரங்கத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், வானம் தானாகத் தலைக்கு மேலே வரும்.

பையன் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். விளக்கை அணைத்ததும் நாலு வயதுக் குழந்தைகள் பலர் பயந்து அழுவார்கள், அதனால் கதவுக்குப் பக்கத்து ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். அழுதால் யார் வெளியே தூக்கிப்போவது என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் அந்தச் சண்டை நன்றாக இருக்காது.

பெண்ணுக்குப் போகிற வழியில் ஒரு கதை சொல்லுங்கள். லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க 1760இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் அது நடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், துல்லியமாக அளக்க முடியவில்லை. சரி என்று எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து, 1769 ஜூனில் இதே புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றால், சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! அடுத்த வாய்ப்பு 1874இல்தான். ஊர் திரும்பினால் இவர் செத்துப்போய்விட்டதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு உள்ளே போகிற பெண் நட்சத்திரத்தை வேறு மாதிரி பார்ப்பாள்.

சனிக்கிழமையே போன் போட்டுக் காட்சி நேரம் கேளுங்கள், ஞாயிறு திறந்திருக்கிறதா என்பதையும். காட்சி ஆரம்பித்தபின் போனால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள்.

அப்புறம் வழி. கடலூரிலிருந்து வரும்போது தவளக்குப்பம் தாண்டியதும் நோணாங்குப்பம், அங்கேதான் படகு குழாம். பிள்ளைகள் போர்டைப் பார்த்ததும் இறங்கலாம் என்பார்கள். இறங்காதீர்கள், இறங்கினால் லாஸ்பேட்டை அன்றைக்கு இல்லை. நேராக ஊரைத் தாண்டிப் போய், மதிய வெயிலை அறிவியல் மையத்துக்குள்ளேயே கழித்துவிட்டு, திரும்பும்போது நாலு மணிவாக்கில் நோணாங்குப்பத்தில் நிறுத்துங்கள். அதற்குள் தரை சுட்டு, அதன் மேல் காற்று சூடாகி மேலே எழும்பி, கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வீச ஆரம்பித்திருக்கும். பெண்ணுக்கு இதையும் காட்டலாம். படகு டிக்கெட் வாங்காமல் கரையில் நிழல் பார்த்து மாமியாரை உட்கார வைத்து, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தில் மிச்சம் இருப்பதைப் பிரியுங்கள். பையனுக்கு ஒரு மாற்று டிரவுசர் எடுத்து வாருங்கள், தண்ணீரைப் பார்த்தால் அவன் சும்மா இருக்கமாட்டான்.