அப்பாயியின் கைநடுக்கமும் டோபமைனும்: மலையகத்தில் இருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். மூளைச் செல்களுக்கு நடுவில் செய்தி கொண்டுபோகும் டோபமைன் என்ற இரசாயனம் என்ன செய்கிறது, அது குறைந்தால் என்ன ஆகிறது என்று ஆராய்வது என் தொழில். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவி: அக்கா, உயிரியல் படிச்சா டொக்டராகத்தானே சொல்வாங்க? நீங்க எப்படி இந்தப் பக்கம் போனீங்க?

எனக்கும் அதைத்தான் சொன்னார்கள் தங்கச்சி. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிப் புள்ளி, போதவில்லை. பேராதனையில் விஞ்ஞான பீடம் கிடைத்தது, அழுதுகொண்டே போனேன். இரண்டாம் வருட விரிவுரை ஒன்றில், ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் எழுதிய நோயைப் பற்றிச் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது கை நடுங்கும், நடை குறுகும், உடம்பு முன்னால் வளையும். எனக்கு அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். "வயசு போயிட்டுது" என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். அந்த விரிவுரைக்கு மூன்று வருடம் முந்தியே அவர் போய்விட்டார்.

போகவந்தலாவை, ஒரு தாய்: மகன் போனைக் கீழ வைக்கிறதே இல்ல. கேட்டா, "டோபமைன் விரதம் இருந்தா சரியாயிடும்" என்கிறான். அது சந்தோஷம் தருகிற சாமானா?

அப்படிப் பரவிவிட்டது, ஆனால் விஷயம் வேறு. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்குக்கே துடித்தன, சாறுக்கு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அந்தக் கணத்தில் அடங்கிப்போயின.

நம்ம பாஷையில் சொன்னால், முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும் என்று இருந்த அன்று முழுப்பேர் விழுந்தால் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டால் எப்படி இருக்கும்? எதிர்பார்த்ததுக்கும் கிடைத்ததுக்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசத்தைத்தான் டோபமைன் சொல்கிறது. அதை வைத்து மூளை பழகிக்கொள்கிறது. அடுத்து என்ன வருமோ என்று தெரியாததால்தான் போனை விட முடிவதில்லை. போனைச் சில நாள் விட்டு விரதம் இருந்து டோபமைனைக் கழுவ முடியாது அக்கா. இரவில் போன் வேறு அறையில் இருந்தால் போதும், அது பலன் தரும்.

பண்டாரவளை, மகன்: அப்பாவுக்குப் பார்கின்சன். பூனைக்காலி விதையில் மருந்து இருக்கு என்கிறார்களே, பொடி செய்து கொடுக்கலாமா?

இருப்பது உண்மை. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையில் இருந்து, இன்று பார்கின்சனுக்குக் கொடுக்கும் எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு, மூளையில் டோபமைனைக் குறைக்கும் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அதுவும் நம்ம சர்ப்பகந்தி வேரில் இருந்து வருவதுதான். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்தன. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் ஜோர்ஜ் கோட்சியாஸ் அளவை மெதுமெதுவாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அது நிலையான மருந்தானது. டோபமைனையே கொடுத்தால் இரத்தத்தில் இருந்து மூளைக்குள் போகாது. எல்-டோபா உள்ளே போய் டோபமைனாக மாறும்.

ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். அப்பா ஏற்கனவே அதே மருந்தைத்தான் மாத்திரையாக எடுக்கிறார். மேலே பொடியும் சேர்ந்தால் அளவு மீறி, கை கால் தானாக முறுக்கும். ஆகவே வேண்டாம்.

மாத்திரை சில வேளை "பிடிக்கவில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். பருப்பு, இறைச்சி, முட்டையில் உள்ள புரதம் இந்த மருந்தோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். டொக்டரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது.

மஸ்கெலியா: அப்பா முப்பது வருசம் புல்லுக்கு மருந்து அடிச்சவர். அதனாலயா நடுக்கம்?

பராகுவாட் தெளித்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இலங்கையில் பராகுவாட் இப்போது தடை. நரம்பியல் டொக்டரிடம் காட்டும்போது இந்த வேலை வரலாற்றையும் சொல்லுங்கள்.

இராகலை, அண்ணன்: தம்பிக்கு மனநோய் மருந்து. உடம்பு இறுகி நடக்கிறான். நிறுத்திவிடவா?

நிறுத்தாதீங்க அண்ணே. அந்த மருந்துகள் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைப்பவை. அதனால்தான் காதில் குரல் கேட்பது குறைகிறது, அதனால்தான் உடம்பும் இறுகுகிறது. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும், இறுக்கத்துக்கும் மருந்து உண்டு. இந்த மாதமே கூட்டிக்கொண்டு போய் நடந்து காட்டச் சொல்லுங்கள். அங்கொடை மனநல ஆஸ்பத்திரியை வைத்து "அங்கொடைக் கேஸ்" என்று ஊர் பேசும் என்று மறைக்காதீர்கள். அந்த ஒரு சொல் எத்தனை பேரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் செய்திருக்கிறது!

நுவரெலியா, ஆசிரியர்: ஆய்வில் உங்களுக்குக் கஷ்டமான காலம் எது மிஸ்?

முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம், சேர். எலி மூளையின் மெல்லிய துண்டில், தலைமுடியை விட மெல்லிய கரி இழையைச் செருகி, செக்கனுக்குப் பத்துத் தடவை டோபமைனை அளப்பேன். எட்டு மாதம் அழகான அலை வந்தது. கடைசியில் பார்த்தால் அது டோபமைனே இல்லை, அமிலத்தன்மை மாறியதால் வந்த போலி அலை. எட்டு மாத வேலையையும் தள்ளினேன். இப்போது என் மாணவர்களுக்கு முதல் வாரமே அந்தப் போலி அலையைத்தான் காட்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள் சேர்: வெளிநாட்டில் இந்தப் பட்டத்துக்குப் பெரும்பாலும் மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். காணி விற்கத் தேவையில்லை. இரசாயனமும் ஆங்கிலமும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஹட்டன் தங்கச்சி மறுபடியும்: அப்பாயி இப்ப இருந்திருந்தா என்ன செய்வீங்க?

கண்டியில் நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நோய் நின்றிருக்காது, அதை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கடைசி நாலு வருடமும் அவருக்குச் சேலைக் கொசுவம் மடிக்க வரவில்லை, அம்மாதான் கட்டிவிட்டார். மாத்திரை கிடைத்திருந்தால், அதில் சில வருடமாவது அவரே கட்டியிருப்பார்.