மறு: 172 ஜிஎஸ்எம் ரோலுக்கும் "சரி"ன்னு காட்டுது

வணக்கமுங்க. எக்ஸெல்ல திருப்பூர் பனியன் துணி ரோலோட ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை) சி2>=180ன்னு சோதிச்சா, 172 இருக்கிற ரோலுக்கும் "சரி"ன்னே வருதுன்னு கேட்டிருந்தீங்க.

ஃபார்முலா தப்பில்லைங்க. அந்த நம்பரெல்லாம் எழுத்தா உட்கார்ந்திருக்கு. எக்ஸெல் கணக்குல எழுத்து எப்பவும் எண்ணை விடப் பெருசு. வெறும் 2ன்னு இருந்தாலும் 180ஐத் தாண்டினதாத்தான் சொல்லும். சந்தேகமிருந்தா பக்கத்துக் கட்டத்துல, எண்ணா இல்லையான்னு சொல்ற இஸ்நம்பர் (ISNUMBER) போட்டுப் பாருங்க, ஃபால்ஸ்னு வரும். லேப் ரிப்போர்ட்டைக் காப்பி பண்ணி ஒட்டுனா இந்தத் தொல்லை சாதாரணமுங்க. அந்தக் காலத்தை (நெடுவரிசையை) செலக்ட் பண்ணி, டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் ஃபினிஷ் அமுத்துங்க, எண்ணாயிரும்.

ரோல் எண்ணிக்கை வேணும்னா இஃப்பை விட ஜிஇஸ்டெப் (GESTEP) ஃபங்ஷன் எனக்குப் பிடிக்கும். ஜிஇஸ்டெப்(சி2,180): 180ஓ அதுக்கு மேலயோ இருந்தா 1, இல்லாட்டி 0. தனிக் காலத்துல இழுத்துவிட்டு, கீழே சம் போட்டா தேறின ரோல் எத்தனைன்னு வந்துரும்.

ஆனா கனம் கூடுனாலும் வம்புதானுங்களே, நூல் காசு நம்முது. பையர் 5% கூடக்குறைய ஒத்துக்கிட்டா 171க்கும் 189க்கும் நடுவுல பார்க்கோணும்: ஜிஇஸ்டெப்(சி2,171)*ஜிஇஸ்டெப்(189,சி2). ரெண்டாவதுல இடம் மாத்திப் போட்டிருக்கறத கவனிங்க, அதுதான் மேல் வரம்பு.

ரெண்டு எண் சமமான்னு பார்க்கிற டெல்டா (DELTA) ஃபங்ஷன் இதுக்கு வேண்டாமுங்க. ரெண்டும் அச்சுப்பிசகாம ஒண்ணா இருந்தாத்தான் 1 தரும். சராசரி 179.8ன்னு இருந்து, கட்டத்துல 180ன்னு தெரிஞ்சாலும் 0தான்.