வால் டோர்ச்சாவுல காலை ஓட்டம்: எங்க தங்கலாம், எந்த ரூட், எவ்வளவு ஏத்தம்

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "மே கடைசி வாரம் குடும்பத்தோட இத்தாலி போறோம், டஸ்கனில சியேனாவுக்குத் தெக்க வால் டோர்ச்சா பக்கம் அஞ்சு ராத்திரி தங்கறோம். எனக்கு வயசு 42, ரோட்டுல ஹாஃப் மாரத்தான் (21.1 கிமீ) 2 மணி 20 நிமிஷத்துல முடிப்பேன், ஆனா நான் ஓடறதெல்லாம் சமதளம்தான், டிரெயில், அதாவது மண்பாதை மலைப்பாதைல, ஓடினதே இல்ல. மூணு நாள் காலைல ஓடணும்னு ஆசை, 9 மணிக்குள்ள திரும்பிடணும், பசங்க காத்திருப்பாங்க. எந்த ஊர்ல தங்கறது, எந்த ரூட் எடுக்கறது, ஷூ புதுசா வாங்கணுமா, தனியா ஓடலாமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஊர் உங்களுக்கு ரொம்பப் பொருத்தமான ஊர். ஆல்ப்ஸ் மாதிரி பாறை, கயிறு, பள்ளம்னு எதுவும் இல்ல, பாதி தூரம் ஜல்லி ரோடு, மீதி வயக்காட்டு வண்டிப்பாதை, கால் வெக்கற இடத்தப் பாத்துப் பாத்து ஓட வேண்டியதில்ல. ஆனா போட்டோல மெத்துமெத்துன்னு தெரியற அந்தக் குன்றுங்க ஓடும்போது அப்படி இருக்காது, ஏன்னா இங்க ஊர் எல்லாம் குன்று உச்சில இருக்கு, ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போகணும்னா அடி வரைக்கும் இறங்கி திரும்ப ஏறித்தான் ஆகணும், நடுவுல சமதளம்னு ஒரு கிலோமீட்டர் கூட சேர்ந்தாப்ல கிடைக்கறது கஷ்டம். அதனால கிலோமீட்டர பாத்து பிளான் போடாதீங்க, ஏத்தத்த பாத்து போடுங்க. டிரெயில் ரன்னிங்ல பொதுவா வெச்சிருக்கற கணக்கு, 100 மீட்டர் ஏத்தம்னா சமதளத்துல 1 கிமீ கூடுதலா ஓடினதுக்கு சமம். 11 கிமீ ரூட்ல 300 மீட்டர் ஏத்தம் இருந்தா அத 14 கிமீன்னு எண்ணிக்கோங்க. உங்க ஹாஃப் மாரத்தான் வேகம் கிமீக்கு 6 நிமிஷம் 40 செகண்ட் கிட்ட வருது, ஜல்லி ரோட்டுல எண்ணின கிமீக்கு ஏழரை நிமிஷம் வெச்சா 1 மணி 45 நிமிஷம். போட்டோ எடுக்க நின்னா அது தனி, இங்க கண்டிப்பா நிப்பீங்க.

தங்கறதுக்கு சான் குயிரிக்கோ டோர்ச்சா. பியென்ஸா இன்னும் அழகுதான், ஆனா ஓடறவங்களுக்கு சான் குயிரிக்கோ மாதிரி இடம் இல்ல, கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்துல எல்லாப் பக்கமும் பாதை பிரியற ஊர், வியா ஃபிரான்ச்சிஜெனா ஊருக்குள்ளயே வருது. அது கேன்டர்பரிலேர்ந்து ரோம் போற பழைய யாத்திரைப் பாதை, 990ல கேன்டர்பரி ஆர்ச்பிஷப் சிகெரிக் ரோம்லேர்ந்து திரும்பின வழிய எழுதி வெச்சதாலதான் இன்னைக்கும் அது எந்தெந்த ஊர் வழியாப் போச்சுன்னு தெரியுது. உங்களுக்கு அதுல லாபம் என்னன்னா போர்டும் சிவப்பு வெள்ளை பெயின்ட் குறியும் வழி நெடுக இருக்கும். கார் இல்லன்னாலும் சியேனாலேர்ந்து பஸ் வருது, ஆனா ஞாயித்துக்கிழமை பஸ் ரொம்பக் கம்மி, டைம்டேபிள முன்னாடியே பாத்துட்டு டிக்கெட்ட பஸ் ஏறறதுக்கு முன்ன புகையிலைக் கடைலயோ ஆப்லயோ வாங்கிடுங்க.

முதல் நாள் பான்யோ வின்யோனி போயிட்டு வாங்க. ஊர்லேர்ந்து தெக்க ஃபிரான்ச்சிஜெனா குறியப் பிடிச்சா மெதுவா ஏறி வின்யோனின்னு ஒரு சின்ன கல்லு ஊர், ஒரு பழைய கோபுரம் நிக்கும், அங்கேர்ந்து நேரா இறக்கம் பான்யோ வின்யோனிக்கு. போக வர 11, 12 கிமீ ஆகும். ஊர் நடுவுல சதுக்கம் இருக்க வேண்டிய இடத்துல வெந்நீர் ஊத்துக் குளம் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள இறங்கக் கூடாது, ஆனா ஊர் ஓரத்துல பழைய மில் இருந்த பக்கம் கல்லு வாய்க்கால்ல அதே தண்ணி ஓடுது, அங்க கால விட்டுட்டு உக்காரலாம். ரொம்ப நேரம் உக்காராதீங்க, திரும்பறப்ப 200 மீட்டர் ஏறணும், தொடை ஊறிப்போயிருந்தா அந்த ஏத்தம் கசக்கும்.

இரண்டாவது ஓட்டம் சான் குயிரிக்கோலேர்ந்து விட்டலேட்டா சேப்பல் வழியா பியென்ஸா, சுமார் 11 கிமீ. ரெண்டு சைப்ரஸ் கூட்டத்துக்கு நடுவுல தனியா நிக்கற சின்ன வெள்ளை சேப்பல், டஸ்கனி காலண்டர்ல எல்லாம் வருமே அதேதான். காலைல 6 மணிக்குப் போனா யாரும் இருக்க மாட்டாங்க, 9 மணிக்கு மேல கார் வரிசையா வரும். பியென்ஸா 490 மீட்டர் உயரத்துல இருக்கறதால கடைசி மூணு கிமீ ஏத்தம், அத நடந்தே ஏறுங்க, நடக்கறது டிரெயில்ல தப்பே இல்ல, நல்ல ஓட்டக்காரங்களும் நடப்பாங்க. வீட்டுக்காரரும் பசங்களும் பியென்ஸாவுக்கு வந்துடட்டும், அங்கயே டிபன், நீங்க திரும்பி ஓட வேண்டாம். இப்படி ஒரு வழி ரூட் போடறதுதான் குடும்பத்தோட வர்றவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது.

மூணாவது ஓட்டம் பெருசா வேணும்னா பியென்ஸாலேர்ந்து மோன்திக்கியெல்லோ வழியா மோன்தெபுல்ச்சானோ, இதுவும் ஒரு வழி ரூட்தான். ரூட்ட எப்படி எடுக்கறீங்கங்கறதப் பொறுத்து 16லேர்ந்து 18 கிமீ வரும், ஏத்தம் 500 மீட்டர்னே வெச்சுக்கோங்க, எண்ணிக்கைல 22 கிமீ, உங்களுக்கு மூணு மணி நேரம். மே கடைசில சூரியன் 5:40க்கு உதிக்குது, 5:45க்குக் கிளம்பினா 9க்குள்ள முடிச்சிடலாம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மோன்திக்கியெல்லோ, மதில் சுவருக்குள்ள ஒரு குட்டி ஊர், அதுக்கு ஏறற பாதைலேர்ந்து எதிர்ப்பக்கம் அமியாட்டா மலை முழுசாத் தெரியும். கடைசில சான் பியாஜியோ கோயில் வந்ததும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, ஊர் அதுக்கு மேல 605 மீட்டர்ல இருக்கு, அந்த ஏத்தம்தான் அன்னைக்கு இருக்கறதுலயே செங்குத்து.

சான் குயிரிக்கோலேர்ந்து ராடிகோஃபனி வரைக்கும் 33 கிமீ ஃபிரான்ச்சிஜெனா ஸ்டேஜ், அதாவது யாத்திரைக்காரங்க ஒரு நாள்ல நடக்கற தூரம், ஒண்ணு இருக்கு, நெட்ல பாத்தா ஆசை வரும், இந்தத் தடவை விட்டுடுங்க. நிழல் இல்ல, வழில கடை கிட்டத்தட்ட இல்ல, கடைசி பத்து கிமீ ஏத்தமாவே போகும், ராடிகோஃபனி கோட்டைக் கோபுரம் காலைலேர்ந்து கண் முன்னாடியே நிக்கும் ஆனா கிட்ட வராது.

இப்ப மண்ணப் பத்தி, ஏன்னா ஷூ கேள்விக்கு பதில் அதுலதான் இருக்கு. இந்தப் பகுதி பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கடலா இருந்த இடம், அந்தக் கடலடிக் களிமண்தான் இன்னைக்கு கோதுமை வயலா இருக்கு. காஞ்சா சிமென்ட் மாதிரி இறுகி வெடிச்சிருக்கும், மழை பெஞ்சா ஒரே பத்தடில ஷூவுக்கு அடில தட்டுத் தட்டா ஒட்டி ஒவ்வொரு காலும் கல்லு கட்டின கனம் ஆயிடும், அதோட இறக்கத்துல வழுக்கும். இத எந்த ஷூவும் தீர்க்காது, சொல்லப்போனா அடில 6 மில்லிமீட்டர் பல்லு இருக்கற ஷூதான் அதிகமா மண்ணப் பிடிக்கும். அதனால ஏற்கனவே ஓடற ரோட் ஷூவோட அடி தேயாம இருந்தா காஞ்ச நாள்ல அதுவே போதும், புதுசா வாங்கறதா இருந்தா 3, 4 மில்லிமீட்டர் பல்லு உள்ள லைட்டான டிரெயில் ஷூ வாங்கி போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போட்டுப் பழகுங்க. ராத்திரி மழை பெஞ்சிருந்தா வயக்காட்டுப் பாதைய விட்டுட்டு ஸ்ட்ராடே பியாங்கே, அதான் அந்த வெள்ளை ஜல்லி ரோடு, அதுலயே ஓடுங்க, அதுல தண்ணி சீக்கிரம் வடிஞ்சிடும். அதுல கார் போகும், எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி இடது பக்கமா ஓடுங்க.

போறதுக்கு முன்னாடி பயிற்சில ஏறறத விட இறங்கறதுக்குப் பழகறதுதான் உங்களுக்கு முக்கியம். சமதளத்துல ஓடறவங்களுக்கு நுரையீரல் தாங்கிடும், ஆனா முதல் நாள் இறக்கம் முடிஞ்சு மறுநாள் படி இறங்க முடியாம தொடை பிடிச்சிக்கும், ஏன்னா இறங்கும்போது தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது, அந்த வேலை சமதளத்துல கிடையாது. ஃபிளைஓவர், பார்க்கிங் சரிவு, மாடிப்படி எதுவா இருந்தாலும் சரி, ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், சின்னச் சின்ன அடியா இறங்கிப் பழகுங்க. நடுவுல ஒரு நாள் ஓய்வு விட்டு ஓடுங்க, அஞ்சு ராத்திரில மூணு ஓட்டம் அதுக்கு சரியா வரும்.

தண்ணி ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் கைல இருக்கணும். ஊருக்குள்ள குழாய் இருக்கும், "அக்வா போத்தாபிலே"ன்னு இருந்தா குடிக்கலாம், முன்னாடி "நோன்"னு இருந்தா குடிக்காதீங்க, ஊரு தாண்டினா குழாயே இல்லன்னு நினைச்சுக்கோங்க. அவ்வளவு காலைல கடை எதுவும் திறந்திருக்காது, வாழைப்பழம் முதல் நாளே வாங்கி வெச்சுக்கோங்க. அப்புறம் டஸ்கனி ரொட்டில உப்பே போட மாட்டாங்க, அத மட்டும் சாப்பிட்டுட்டு வேர்வைல போன உப்பு திரும்பிடும்னு இருக்காதீங்க, கூட பியென்ஸா பெகொரினோ சீஸ் சாப்பிடுங்க இல்லன்னா எலக்ட்ரோலைட் பாக்கெட் எடுத்துட்டுப் போங்க.

தனியா ஓடறது பத்தி, பொதுவா அமைதியான பகுதி, நான் சொல்ற ஜாக்கிரதை நாயப் பத்தித்தான். ஆட்டு மந்தைக் காவலுக்கு மரெம்மா நாய்னு பெரிய வெள்ளை நாய் விட்டிருப்பாங்க, ஓநாய விரட்டறதுக்குப் பழக்கின நாய். ஆடு தெரிஞ்சா அப்பவே ஓட்டத்த நிறுத்துங்க, நடங்க, மந்தைக்கும் நாய்க்கும் நடுவுல போகாதீங்க, குரைச்சா கண்ணப் பாக்காம, கைய ஆட்டாம, வந்த வழியே பின்வாங்கி சுத்திப் போங்க, அந்த ரூட் போச்சேன்னு கவலப்படாதீங்க. ஜிபிஎக்ஸ் ஃபைலும் (ரூட் பதிவான ஃபைல்) மேப்பும் ஆஃப்லைன்ல ஏத்திக்கோங்க, பள்ளத்துல சிக்னல் விட்டுப்போகும். அவசரத்துக்கு 112. வேர் ஆர் யூ (Where ARE U)ன்னு ஒரு ஆப் இருக்கு, 112க்குக் கூப்பிடும்போது நீங்க நிக்கற இடத்தையும் அதுவே அனுப்பிடும், கிளம்பறதுக்கு முன்ன போட்டு வெச்சிடுங்க.

மே மாசம் உங்களுக்கு வேட்டைத் தொல்லை இருக்காது. செப்டம்பர் மூணாவது ஞாயிறுலேர்ந்து ஜனவரி முடிய வர்றவங்க மட்டும் செவ்வாய், வெள்ளி பாத்து காட்டுப்பாதைய வெச்சுக்கோங்க, அந்த ரெண்டு நாளும் இத்தாலில வேட்டைக்குத் தடை, மத்த நாள்ல பளிச்சுனு ஆரஞ்சு சட்டை போடுங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வர்றவங்க குன்றுகள விட்டுட்டு அமியாட்டா மலைக்குப் போயிடுங்க, 1738 மீட்டர் பழைய எரிமலை, மேல பீச் மரக்காடு, கீழ செஸ்ட்நட் காடு, மலைய சுத்தி 30 கிமீ கிட்ட வட்டப் பாதை இருக்கு, பெரும்பாலும் நிழல், ஆனா கார் வேணும்.

ரேஸ் ஏதாவது சேரலாமான்னு அடுத்து தோணும். வசந்தத்துல இங்க டிரெயில் ரேஸ் நடக்குது, ஆனா இத்தாலில போட்டி வகை ரேஸுக்குப் பேர் குடுக்கணும்னா விளையாட்டு மருத்துவ சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதுல ஈசிஜி, உடற்பயிற்சி டெஸ்ட், மூச்சு டெஸ்ட், சிறுநீர் டெஸ்ட் எல்லாம் அடக்கம். வெளிநாட்டுக்காரங்களுக்குப் பெரும்பாலும் ரேஸ் சைட்லயே ஃபாரம் வெச்சிருப்பாங்க, அத உங்க ஊர் டாக்டர்கிட்ட காட்டி டெஸ்ட் எடுத்து கையெழுத்து வாங்க ரெண்டு மாசமாவது கைல வெச்சுக்கோங்க.