அம்மா வந்த அன்று மட்டும் ஏன் விட்டீர்கள்?

கேள்வி: சிகாகோவில் வேலை. வார இறுதியில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். மருந்துக்கடையில் அம்மா ஆங்கிலம் பேசித் திணறுவதை நடித்துக் காட்டினால் அரங்கமே அதிரும். (அம்மா வந்திருந்த அன்று மட்டும் அதைச் செய்யவில்லை.) நான் போட்ட அந்த நிகழ்ச்சி வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. லென்னி புரூஸ், ஜார்ஜ் கார்லின், ரிச்சர்ட் பிரையர் மாதிரி அமெரிக்க மேடைக் காமெடியன்கள் எல்லாம் யாருக்காவது பயந்தார்களா? நான் மட்டும் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, என் கண் அதிலேயே நிற்கிறது. அம்மா எதிரே இருந்தபோது வாய் வரவில்லை. அப்படியென்றால் அது அவரைப் புண்படுத்தும் என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

புரூஸை எதற்கு இழுக்கிறீர்கள்? 1964-ல் நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் அவர் பேசியதை, கூட்டத்தில் உட்கார்ந்து ஓர் அரசு இன்ஸ்பெக்டர் குறிப்பெடுத்தார். பிறகு கோர்ட்டில் அதை ஒப்பித்தார். கைதாகி வெளியே வந்த சில நாளிலேயே புரூஸ் அதே மேடையில் ஏறி மறுபடி கைதானார். ஆபாச வழக்கில் நான்கு மாதத் தண்டனை. அப்பீல் முடியுமுன் 1966-ல், 40 வயதில் போய்ச் சேர்ந்தார். கவர்னரின் மன்னிப்பு வந்ததோ 2003-ல். கார்லினும் 1972-ல் மில்வாக்கியில் கைதானவர்தான். இவர்கள் வம்புக்கு இழுத்தது தங்களை உள்ளே தள்ளக்கூடியவர்களை. அதையும் அவர்கள் காதில் விழும்படி. உங்கள் அம்மா யாரை ஜெயிலில் போடப்போகிறார்?

பிரையரை நீங்கள் சரியாகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். 1980-ல் போதையில் தன் உடம்பில் தானே தீ வைத்துக்கொண்டதை அவரே மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்தார். தானும் கறுப்பர்தான்; கறுப்பரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைத் தன் காமெடி ஆல்பத்தின் பெயரிலேயே வைத்தவர், 1979-ல் கென்யா போய்வந்த பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நன்றாகக் கைதட்டல் வாங்கித் தந்த சொல்தான் அது.

தெரியாத பாஷையில், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அம்மா மருந்து வாங்கியது யாருக்காக? சின்ன வயதில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோதும் அதே கவுன்டரில்தானே நின்றிருப்பார்? பெற்றவளின் கூச்சத்தை விற்றுப் பெயர் வாங்குவதைத் துணிச்சல் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். போனில் மன்னிப்புக் கேட்டால் போதாது. இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போங்கள். அந்த ஐந்து நிமிடத்தை அவர் முன்னால் செய்துகாட்ட முடியுமா பாருங்கள். அவர் சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் உங்கள் குரல் இறங்கினால், அங்கேயே நிறுத்தி மன்னிப்புக் கேளுங்கள்.