டெபாசிட் முதிரும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: பைக் விபத்தில் கழுத்திலிருந்து வலது கைக்கு வரும் நரம்புகள் சில அறுந்துவிட்டன. நான்கு மாதம் ஆகிறது, முழங்கையை மடக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்கிறார் மருத்துவர். இருக்கும் ஒரே சேமிப்பு ஃபிக்ஸட் டெபாசிட். அது முதிர ஏழு மாதம் பாக்கி. இப்போது எடுத்தால் வட்டி போகும். முதிர்ந்த பிறகு செய்துகொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். போன வட்டியைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். நரம்புத் தொடர்பு அறுந்த தசை மெலிந்துகொண்டே வந்து, ஒன்று, ஒன்றரை வருடத்தில் நரம்பு வந்து சேர்ந்தாலும் இயங்காத நிலைக்குப் போய்விடும். சீர்செய்த நரம்போ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். டெபாசிட் முதிரும்போது விபத்து நடந்து 11 மாதம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் நரம்பு வளர்ந்து தசையை எட்ட நேரம் ஏது?

டெபாசிட்டை முறிப்பதா, அதன் பேரில் கடன் வாங்குவதா என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது. முறித்தால் எவ்வளவு வட்டி குறையும், ஏழு மாதக் கடனுக்கு எவ்வளவு வட்டி ஆகும் என்று வங்கியில் கேட்டு, குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். கிரெடிட் கார்டு பக்கம் மட்டும் போகாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் மாதங்களைப் பற்றித்தான். எந்த முறையில் செய்யப்போகிறார் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலிலிருந்து எடுத்த நரம்பைக் கழுத்தருகே ஒட்டுவைத்தால், அங்கிருந்து மேல்கைத் தசைவரை அது வளர்ந்து வர வேண்டும். 1994-இல் ஓபெர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட முறையில், கை வழியாக விரல்களுக்குப் போகும், நன்றாக வேலை செய்யும் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைப்பார்கள். தூரம் சில சென்டிமீட்டர்தான் என்பதால் அசைவு சீக்கிரம் திரும்பும். விரல்களை இயக்கும் நரம்புகள் நன்றாக இருந்தால்தான் இது சாத்தியம். எந்த முறை என்பதைப் பொறுத்து, நீங்கள் சம்பளமில்லாமல் இருக்கப்போகும் மாதங்களும் கூடும், குறையும்.

எந்த முறையானாலும் முதல் துடிப்பு தெரியவே மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை பிசியோதெரபியை விடவே கூடாது. மருத்துவக் காப்பீடு இருந்தால், வெளிநோயாளியாகப் போகும் பிசியோதெரபிக்குப் பணம் கிடைக்குமா, எத்தனை நாள்வரை என்று பாலிசியில் பாருங்கள். பல பாலிசிகளில் இதற்கு வரம்பு உண்டு. பணம் கிடைக்காதென்றால் அந்தச் செலவையும் வீட்டுச் செலவையும் தனிக் கணக்கில் இப்போதே ஒதுக்கிவிட்டு, மீதியை மருத்துவமனைக்கு வையுங்கள். விபத்துக் காப்பீடு இருந்தால் இந்த வாரமே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். நரம்புப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றின் நகலும் உங்களிடம் இருக்கட்டும், ஊன மதிப்பீட்டின்போது கேட்பார்கள்.