அக்காவை அம்மாவாக்கினால் ரகசியம் ஆகிவிடுமா?

கேள்வி: வங்கி பாஸ்வேர்டு, ஏ.டி.எம். பின் எல்லாவற்றையும் செல்போன் நோட்ஸில் வைத்திருக்கிறேன். அப்படியே எழுதவில்லை, எழுத்தையும் எண்ணையும் மூன்று இடம் தள்ளி எழுதியிருக்கிறேன். ஏ என்றால் டி, 1 என்றால் 4. போன் தொலைந்தாலும் பயமில்லை அல்லவா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பயம் உண்டு சார். மூன்று இடம் தள்ளி எழுதுவது ஜூலியஸ் சீசரின் வழக்கம் என்று சூட்டோனியஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துப் பூட்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஆக 25 விதமாகத்தான் தள்ள முடியும். தாளும் பேனாவும் இருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் அத்தனையையும் எழுதிப் பார்த்துவிடலாம்.

'முருகன்' என்று ஆங்கில எழுத்தில் எழுதித் தள்ளிப் பாருங்கள்: பி, எக்ஸ், யு, எக்ஸ், ஜே, டி, க்யூ. 'யு' வந்த இரண்டு இடத்திலும் 'எக்ஸ்' வந்து நிற்கிறது. வேஷம் போட்டும் நடை மாறவில்லை.

பின் நம்பர் இன்னும் மோசம். நான்கு எண்ணையும் ஒரே அளவு தள்ளினால் திருடனுக்கு மிச்சமிருப்பது ஒன்பதே வாய்ப்பு. மிஷின் மூன்று முறை தப்பைப் பொறுத்துக்கொள்ளும் என்றால், மூன்றில் ஒரு பங்கு அவன் கையில். ஒவ்வொரு எண்ணையும் வெவ்வேறு அளவில் தள்ளலாமே என்பீர்கள். அந்த நான்கு அளவை நினைவில் வைக்க முடிந்தால் பின்னையே நினைவில் வைத்துவிடலாமே!

சிசிலி மாஃபியா தலைவர் பெர்னார்தோ புரொவென்சானோவும் உங்கள் கட்சிதான். 43 வருஷம் தலைமறைவாக இருந்து 2006 ஏப்ரலில் கொர்லியோனே பக்கம் சிக்கினார். போனைத் தொடாமல் துண்டுச் சீட்டிலேயே உத்தரவு போட்ட மனிதர். சில சீட்டுகளில் பெயர்களை எண்ணாக எழுதியிருந்தார்: ஏ-க்கு 4, பி-க்கு 5. அதே மூன்று! போலீஸ் சுலபமாகப் பிரித்துவிட்டது.

கீபாஸ், பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலியில், எல்லாவற்றையும் போட்டு, நீளமான ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். அவற்றுக்குள் இருக்கும் ஏ.இ.எஸ். என்ற மறையாக்க முறை 2001-லிருந்து அமெரிக்க அரசின் தரம். எப்படி வேலை செய்கிறது என்பது ஊருக்கே தெரியும், சாவி மட்டும் உங்களிடம். நோட்ஸை இன்றே அழித்துவிட்டு, பின்னை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலம் சரி, தமிழில் 247 எழுத்து இருக்கிறதே? உயிர்க்குறியையும் புள்ளியையும் விட்டுவிட்டு, 18 மெய்யை மட்டும் என் இஷ்டத்துக்கு இடம் மாற்றி ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு வாட்ஸ்அப்பில் இப்படித்தான் அனுப்புகிறேன், வீட்டில் யார் போனை எடுத்தாலும் புரியாது. முடிந்தால் இதைப் பிரியுங்கள்: 'ணம்மழ்ழு றீங்ஙு அம்மாறிஙல் யாறி இனும்மிடழு'.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அட்டவணையை 64 கோடி கோடி விதமாக அமைக்கலாம் அம்மா. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது. ஆனால் அப்படி யாரும் பார்ப்பதில்லை. எந்த எழுத்து அடிக்கடி வருகிறது, யாரோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணினால் போதும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல் கிந்தி என்ற அறிஞர் எழுதிவிட்டார். தமிழில் அவருக்குத் துணையாக இலக்கணமும் வந்து நிற்கிறது.

முதல் பார்வையிலேயே ஒன்று உறுத்தியது. நம் மொழியில் 'ழ்ழு' வராது, ழகரம் இரட்டிக்காது. அப்படியானால் அது வேறு ஏதோ மெய். கடைசிச் சொல்லைப் பாருங்கள். இகரத்தில் ஆரம்பித்து உகரத்தில் முடிகிறது, நடுவில் இரட்டித்த மெய், அதன்மேல் இகரம். வாக்கியத்தின் கடைசியில் இந்த உருவத்தில் வேறென்ன உட்காரும்? 'இருக்கிறது' என்று வைத்தேன். ஒரே சொல்லில் ர, க, ற, த நான்கும் கிடைத்தன. உடனே முதல் சொல் ஏதோ '-க்கத்து' என்று இளித்தது. பக்கத்து! அதை ஒட்டி ஈகாரத்தோடு ஒரு சொல், வீட்டு. உங்கள் 'அம்மா' என் பக்கம் வந்ததும் அக்கா ஆனாள். 'அக்காவிட' வரை வந்தபின் கடைசியில் ஒரு புள்ளி எழுத்து. அங்கே வல்லினம் நிற்காது, மகரம்தான். 'பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது.' காபி ஆறியிருந்தது, அவ்வளவுதான் நஷ்டம்.

நீங்கள் உயிர்க்குறியை மாற்றாமல் விட்டது எனக்குப் பெரிய உதவி. அதையும் மாற்றினாலும் நாலு வரி கூடுதலாகத் தேவைப்படும், வேறொன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் 2016 முதலே முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது. வழியில் இடைமறித்துப் படிக்க முடியாது. உங்கள் சிக்கல் வழியில் இல்லை, மேஜைமேல் திறந்து கிடக்கும் போனில். ஸ்கிரீன் லாக் போடுங்கள், மகளுடனான உரையாடல் தானாக அழியும்படி வையுங்கள். சாவியின் இடத்தையும் மாற்றிவிடுங்கள், எனக்குத் தெரிந்துவிட்டது.

கேள்வி: எழுத்து மாற்றி எழுதுவதால் எந்தக் காலத்திலும் பிரயோஜனமே இல்லையா?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஏன் இல்லை? எங்கள் அப்பா சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். புடவைச் சீட்டில் அடக்கவிலையை 'திருச்செந்தூர் வேலன்' என்ற பெயரால் எழுதுவார். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து எழுத்து, ஒன்றுகூட திரும்ப வராது. தி என்றால் 1, ரு என்றால் 2, கடைசி ன் சுழியம். 485 ரூபாய் 'செ வே ந்' ஆகிவிடும். பேரம் நடக்கும் ஐந்து நிமிஷத்துக்கு அந்த மறைப்பு தாராளம்.

ஆனால் வருஷக்கணக்காக வந்துபோன வாடிக்கைக்கார அம்மா ஒருவர் ஒருநாள் சீட்டைப் பார்த்து, 'நானூத்தி அம்பதுக்கு வாங்கிட்டு எழுநூறு சொல்றீங்களே?' என்றார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, 'எல்லாச் சீட்டும் ன்-லயோ ந்-லயோதான் முடியுது. விலைன்னா சுழியத்துலயோ அஞ்சுலயோதானே முடியும்?' என்றாராம். அல் கிந்தியை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

அன்றிலிருந்து அப்பா சுழியத்துக்கு மூன்று வெவ்வேறு குறி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினார். அந்த அம்மாவுக்கு மட்டும் சீட்டைக் காட்டாமலே விலையைக் குறைத்துவிடுவார்.