ஒளித்து வைத்த காதல்

அன்புள்ள ஐயா,

நண்பன் சொன்னதால் சீன இயக்குநர் ஜாங் யிமோவின் ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்’ (2004) படத்தைப் போன வாரம் பார்த்தேன். முதல் பாதி நகரவே மறுத்தது, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். மூங்கில் காட்டில் வீரர்கள் பறந்து பறந்து சண்டை போடுவதைப் பார்த்து நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசிச் சண்டை நடக்கும்போதே இலையுதிர்காலம் போய்ப் பனிக்காலம் வந்துவிடுகிறது. நெஞ்சில் கத்தி பாய்ந்து செத்துக் கிடந்த கதாநாயகி எழுந்து வருகிறாள். அரசுப் படை கிளர்ச்சிக்காரர்களின் இடத்தைச் சூழ்கிறது, அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் என்ன ஒரு அழகு! திருப்பங்களும் பிரமாதம். கதையை மன்னித்துவிட்டு அழகுக்காக மட்டும் ஒரு படத்தைக் கொண்டாடலாமா? முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதிலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஒன்றரை மடங்கு வேகம். வேறு எந்தப் படத்தையாவது அப்படிப் பார்த்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். இது காதால் பார்க்க வேண்டிய படம். எதிரொலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கி.பி. 859, டாங் வம்சம் தளர்ந்துகொண்டிருக்கும் காலம். கேளிக்கை மாளிகையில் பார்வையற்ற நடனக்காரி மெய் நடுவில் நிற்கிறாள், சுற்றிலும் முரசுகள். காவல் அதிகாரி லியோ ஒரு பயறு மணியைச் சுண்டுகிறான். அது எந்த முரசில் பட்டது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, அவள் தன் நீண்ட சட்டைக்கையை வீசி அதே முரசை அடிக்கிறாள். ஒரு மணி பலவாகிறது. கடைசியில் கிண்ணத்தில் இருப்பது மொத்தத்தையும் வீசிவிடுகிறான். மணி பட்ட சத்தத்துக்கும் அவள் கை எழுவதற்கும் நடுவே ஒரு சின்ன நிசப்தம் வருகிறதே, அங்கேதான் நாமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறோம். நீங்கள் அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி பாருங்கள்.

பறப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வூஷியா எனும் சீன வாள்வீரர் கதை மரபில் வீரர்களுக்கு உடல் எடை கிடையாது, அவ்வளவுதான். இயக்குநர் கிங் ஹூ 1971-லேயே மூங்கில் காட்டுக்குள் வாட்சண்டையைக் கொண்டுபோய்விட்டார். நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும். பனி விஷயமும் அப்படித்தான். அந்தக் காட்சிகளை உக்ரைனில் எடுத்தார்கள், எதிர்பார்த்ததற்கு முன்பே அக்டோபரில் பனி கொட்டிவிட்டது, ஜாங் யிமோ அதையே படத்தில் வைத்துக்கொண்டார். செத்தவள் எழுவது எனக்கு உறுத்தவில்லை.

படை சூழ்ந்த பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும்போது கொஞ்சம் மென்மையாகக் கேளுங்கள். ஹாங்காங் நடிகை அனிதா மூய்க்கு இந்தப் படத்தில் ஒரு முக்கியமான பாத்திரம் இருந்தது. தன் காட்சிகளை நடிப்பதற்கு முன்பே, 2003 டிசம்பர் கடைசியில், புற்றுநோயால் இறந்துபோனார். இயக்குநர் அந்த இடத்தில் வேறொருவரைப் போட மனமில்லாமல் கதையை மாற்றினார், படத்தையும் அவருக்கே சமர்ப்பித்தார். அந்த ஓட்டையை என்னால் குறையாகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் இந்தப் படத்தின் பெரிய குறை. நீங்கள் பிரமாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் திருப்பங்கள்.

லியோ கிளர்ச்சிக்காரர்களின் ஆள். மெய்யும் அவனும் காதலர்கள். அவளுக்காக மூன்று வருடம் காவல்படைக்குள் ஒளிந்து வாழ்ந்திருக்கிறான். இது நமக்கு எப்போது தெரிகிறது? படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகு. அதற்குள் மெய், தன்னைக் காப்பாற்றுவதுபோல நடித்துக் கிளர்ச்சிக்காரர்களின் இடத்தைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்ட இன்னொரு காவல் அதிகாரியான ஜின்னிடம் மனதைப் பறிகொடுத்தாயிற்று, நாமும் அவன் பக்கம் போயாயிற்று. திடீரென்று ஒருவன் வந்து மூன்று வருடக் காத்திருப்பைப் பற்றி அழுதால், யாரப்பா இவன் என்றுதான் தோன்றுகிறது. அவன் துயரத்தைச் செய்தியாகக் கேட்கிறோம், அனுபவிப்பதில்லை.

பல வருடம் கழித்து என் அண்ணன் வீட்டில் இந்தப் படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தது. எனக்குத்தான் கதை தெரியுமே, அதனால் லியோவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரொலி ஆட்டம் ஓடும்போது அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, இந்த போலீஸ்காரன் ஏன் அவளை இப்படிப் பார்க்கிறான்?” சொல்லக்கூடாதுதான். சொல்லிவிட்டேன். அதன்பின் அந்தப் பெண் வேறொரு படத்தைப் பார்த்தாள். தன் காதலியை இன்னொருவனோடு வடக்கே அனுப்பிவிட்டுப் பின்னாலேயே காட்டுக்குள் அலைகிறான் லியோ. அவளிடம் நிஜமாகவே மயங்கிவிடாதே என்று ஜின்னை எச்சரிக்கிறான். முதல் தடவை அது வெறும் வேலை எச்சரிக்கையாகத்தான் நம் காதில் விழும். அண்ணன் மகளுக்கோ அங்கேயே கண் கலங்கிவிட்டது. மெய்யும் ஜின்னும் நெருங்கும் ஒவ்வொரு காட்சியிலும் “ஐயோ, அவன் வந்துகொண்டிருக்கிறானே” என்றாள். லியோவாக வரும் ஆண்டி லா ஒவ்வொரு பார்வையிலும் இதை நடித்து வைத்திருக்கிறார். கதைதான் அதை நம்மிடமிருந்து பூட்டி வைத்திருக்கிறது.

எதிரொலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்திருந்த இரண்டு பேர், ஊர் நடுவே, யாருக்கும் தெரியாமல் பேசிக்கொள்ளும் காட்சி அது. அவன் ஒரு மணியைச் சுண்டுகிறான், அவள் பதில் சொல்கிறாள். முதல் தடவை பார்க்கிறவனுக்கு அதில் திறமை மட்டுமே தெரிகிறது. ஒரு நிமிட அதிர்ச்சிக்காக இவ்வளவையும் பலி கொடுத்திருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியாவது நிற்கிறதா? லியோ யார் என்பது ஒன்று, மெய்க்குக் கண் தெரியும் என்பது இன்னொன்று, கிளர்ச்சிக்காரர்களின் தலைவியே போலி என்பது மூன்றாவது. அடுத்தடுத்து வருவதால் எதுவுமே ஒட்டுவதில்லை.

ஆங் லீயின் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ (2000) படத்தில் லீ மு பாயும் யு ஷு லியெனும் ஒருவரையொருவர் விரும்புவது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவனும் அவனுக்கு உடன்பிறவாச் சகோதரனுமான, செத்துப்போன ஒருவனுக்குக் கொடுத்த மரியாதை அவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதும் தெரியும். அதனால் அவர்கள் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிப்பதே நமக்குத் தாங்கவில்லை. அங்கே எதையும் ஒளித்து வைக்கவில்லை. அவர்கள்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

அழகுக்காகக் கொண்டாடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் கதையை மன்னிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், நீங்களே எழுதுகிற ஆள். இன்று மன்னித்தால் நாளை அதே குறையை உங்கள் நாவலில் வைத்துவிட்டு, வாசகன் மன்னிப்பான் என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்கள் நாவலின் திருப்பம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அதை எடுத்து இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகனிடம் சொல்லிவிடுங்கள், பாத்திரங்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்கட்டும். நடுவில் உள்ள அத்தியாயங்களை அப்புறம் படித்துப் பாருங்கள். உப்புச்சப்பில்லாமல் போனால் அந்த அத்தியாயங்களில் முன்பும் ஒன்றும் இருந்திருக்காது, திரும்ப எழுதுங்கள். பயமாக இருக்கும், பரவாயில்லை, முதல் நாவல்தானே. இரண்டு வடிவத்தையும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்.